கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும்,

இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆண்டின் தொடக்கத்தில், என் மகளை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று நீங்கள் எடுத்த முடிவையும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டையும் பற்றி நேரில் பேச வந்தேன். செயலியில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். செய்தி பதிவாகிவிட்டது என்று தானாக ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். பள்ளியின் பெயரையோ யாருடைய பெயரையோ குறிப்பிடவில்லை. உங்களைத் தலைகுனிய வைப்பது என் எண்ணம் இல்லை. எனக்குப் பதில் வேண்டும்.

சுற்றறிக்கை சொல்வது இது: பெற்றோர் யாரும் இனிமேல் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. வகுப்பாசிரியரிடம் நேரடியாகப் பேசவோ தொலைபேசியில் அழைக்கவோ கூடாது. எதுவானாலும் செயலி வழியாக அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நடக்கும், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம்.

படிப்பவர்களுக்கு இது சாதாரண நிர்வாக ஒழுங்காகத் தெரியலாம். பல பிள்ளைகளுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லாமலும் இருக்கலாம். என் மகளுக்கு நஷ்டம் இருக்கிறது. அது என்ன என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவள் வீட்டில் ஓயாமல் பேசுவாள். கேள்வி கேட்டே ஆளைக் களைப்பாக்கிவிடுவாள். பாட்டியிடம் சண்டை போடுவாள், பூனைக்குப் பாடம் நடத்துவாள். பள்ளிக்குள் கால் வைத்தால் ஒரு வார்த்தை வராது. முதலில் படித்த பள்ளியில் இதைப் பிடிவாதம் என்றார்கள். வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள். வருகைப் பதிவின்போது பெயரைக் கூப்பிட்டால் அவளால் குரல் கொடுக்க முடியாது. அதனால் வகுப்பில் உட்கார்ந்திருந்த நாளிலேயே வரவில்லை என்று குறித்திருக்கிறார்கள். “ஒரே ஒரு தடவை குட் மார்னிங் சொல்லு, விளையாட விடறேன்” என்று இடைவேளை முழுக்க நிற்கவைத்திருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்க வாய் வராமல் மாலை வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவாள். சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவரிடம் போனபோதுதான் அது எங்களுக்கே தெரிந்தது.

பிறகு குழந்தைகள் உளவியல் நிபுணர் ஒருவரைப் பார்த்தோம். செலக்டிவ் மியூட்டிசம் என்றார். பழகிய இடத்தில் இயல்பாகப் பேசும் பிள்ளைக்குப் பள்ளி போன்ற சில இடங்களில் பேச்சே வராமல் போவது. நூறு பிள்ளைகளில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு என்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய பள்ளியில் அது சில பிள்ளைகளாவது ஆகும். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும், பள்ளியில் சேர்த்த பிறகுதான் வெளியே தெரியும். 1877ல் ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் குஸ்மாவுல் இதைப் பற்றி எழுதியபோது, வேண்டுமென்றே பேசாமல் இருப்பதாகத்தான் எண்ணினார். உங்களில் சிலர் இன்றும் அங்கேயே நிற்கிறீர்கள், மன்னிக்கவும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட கையேடு இதைப் பதற்றக் கோளாறுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிள்ளை அடம்பிடிக்கவில்லை; பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பேசு, பேசு என்று நெருக்கினால் அடைப்பு இறுகும்.

இதை அந்தப் பள்ளியிடம் எடுத்துச் சொன்னோம். “எங்களுக்கு எத்தனையோ வருஷ அனுபவம் சார்” என்று பதில் வந்தது. ஏழு வயதில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம்.

அதற்கப்புறம் சில ஆண்டுகள் வீட்டிலேயே படிப்பு. நான் வீட்டிலிருந்து கணக்கு எழுதும் வேலை பார்ப்பவன். என் மனைவி காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர். அதனால் பகலில் வாத்தியார் நான், மாலையில் அறிவியலுக்கு அம்மா. (உங்கள் அலுவலகத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “அம்மா வரலையா சார்?” என்று கேட்கிறார்கள். வரவில்லை. பிள்ளையின் படிப்பைப் பற்றி அப்பாவிடம் கேட்டாலும் பதில் கிடைக்கும்.)

வீட்டுக் கல்வியைச் சிலர் ஒரு விடுதலைப் போராட்டம் போலப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பரவசம் கிடையாது. நீள் வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது எங்கள் வீட்டில் நடந்த சண்டைகள் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் வேலையில் மூழ்கிவிட்டால் அவள் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஒருவர் சம்பளம் பாதியாகக் குறைந்தால் வீடு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்கள்தான் இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பார்கள். ஆனாலும் அவள் படித்தாள். மொழியும் கணக்கும் காலையில். பிறகு அவள் விருப்பத்துக்கு ஒரு வேலை: ஒரு மாதம் பறவைக் குறிப்பு, ஒரு மாதம் வீட்டுக்கு அளவெடுத்து வரைபடம் போடுவது. பின்னம் என்றால் என்ன என்று அவளுக்குப் புரிந்தது அந்த வரைபடத்தில்தான்.

ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தானா படிப்பு என்று உங்கள் துணைத் தலைமையாசிரியர் கேட்டார். ஆமாம். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்றால் அது போதும். வரிசையில் நிற்பது, பதிவேடு, மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது எதுவும் இல்லை. பெஞ்சமின் புளூம் 1984ல் எழுதிய கட்டுரையில், தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரைவிட மேலே இருந்தார் என்று காட்டினார். அவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பின்னால் வந்த ஆய்வுகள் காணவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தனிக் கவனம் நன்றாகவே பலன் தரும் என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. நீங்களே பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைப்பது வேறு எதற்காக?

பத்து வயதில் அவளே பள்ளிக்குப் போக வேண்டும் என்றாள். தோழிகள் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், வாலிபால் ஆட வேண்டும். எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்று 1989ல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டில் அதை மதிக்காமல் பள்ளியில் மட்டும் கேட்க எனக்கு வாய் இல்லை. சேர்த்தோம்.

சேர்க்கையின் கதை உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பின் பார்த்திராத மூன்று பெரியவர்கள் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். உளவியல் நிபுணரின் அறிக்கை விண்ணப்பத்தோடு சேர்த்துப் பின் அடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. அவள் வாய் திறக்கவில்லை. எழுத்துத் தேர்வு வைத்தீர்கள், அதை முழுக்க எழுதினாள். நான் ஒரு கோப்பு கொண்டு வந்திருந்தேன்: அவள் எழுதிய கட்டுரைகள், கணக்கு நோட்டுகள், வாசித்த புத்தகங்களின் பட்டியல், மாதவாரியாக என்ன படித்தாள் என்ற குறிப்பு, அவள் குரலிலேயே வாசித்த ஒலிப்பதிவுகள். “அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் சார்” என்றீர்கள். இன்னும் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளையை நான்காம் வகுப்பில் போட்டீர்கள். காரணம்: வாய்மொழித் தேர்வில் பதில் இல்லை. பதிவேட்டில் அந்த ஆண்டுகளுக்கு நேராக, படிப்பு நின்ற காலம் என்று எழுதினீர்கள்.

ஒரு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஒரு வகுப்புக் கீழே போட்டால் என்ன, அடித்தளம் பலமாகுமே என்று சமாதானம் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஷேன் ஜிமர்சன் என்ற ஆய்வாளர், 1990களில் வெளியான ஆய்வுகளைத் தொகுத்து 2001ல் ஒரு கட்டுரை எழுதினார். அதே வகுப்பில் நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகள், அவர்களைப் போலவே தடுமாறியும் மேலே அனுப்பப்பட்ட பிள்ளைகளைவிடப் படிப்பில் முன்னேறவில்லை, மனநிலையிலும் நட்பிலும் பின்தங்கினார்கள் என்பதுதான் அதில் கிடைத்த பொதுவான சித்திரம். அது படிப்பில் தடுமாறிய பிள்ளைகளைப் பற்றியது. என் மகள் படிப்பில் தடுமாறவே இல்லை. ஏற்கெனவே போட்ட கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டு, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்திருக்கிறாள். தோழி வேண்டும் என்று வந்த பிள்ளை.

பதிவேட்டில் எழுதிய வரி எனக்கு இன்னும் பெரிய கவலை. அது அவளோடு ஒவ்வொரு வகுப்புக்கும் போகும். புதிதாக வரும் ஒவ்வொரு ஆசிரியரும் அவளைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்ப்பார். 1960களில் ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளரும் லெனோர் ஜேக்கப்சனும் ஒரு சோதனை செய்தார்கள். ஜேக்கப்சன் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர், உங்களைப் போல. குலுக்கல் முறையில் சில பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் சோதித்தபோது, முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அந்த முடிவைப் பற்றிப் பின்னால் நிறைய வாதம் நடந்தது. விளைவு அவ்வளவு பெரிதில்லை என்றவர்களும் உண்டு. சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மனத்தில் இருக்கும் எதிர்பார்ப்பு பிள்ளையைத் தூக்க முடியும் என்றால், பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி பிள்ளையை அமுக்கவும் முடியும்தானே?

இப்போது சுற்றறிக்கைக்கு வருகிறேன். இதுதான் என்னை எழுத வைத்தது.

இந்தப் பிரச்சினை உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் பேசவைக்க ஒரு வழி உண்டு. பல நாடுகளில் பேச்சுப் பயிற்சியாளர்களும் உளவியலாளர்களும் கையாளும் வழி. பிள்ளை யாரோடு இயல்பாகப் பேசுமோ அவர், அதாவது அம்மாவோ அப்பாவோ, பள்ளிக்குள் ஒரு காலி அறையில் பிள்ளையோடு உட்கார வேண்டும். இருவரும் ஏதாவது விளையாட வேண்டும், வாசிக்க வேண்டும். பிள்ளைக்குக் குரல் வந்த பிறகு, ஆசிரியர் அறைக்கு வெளியே வந்து நிற்பார். கதவு திறந்திருக்கும். அவர் எதுவும் கேட்கமாட்டார். பிறகு கதவருகில். பிறகு அறையின் ஓரத்தில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு. பிறகு அதே மேசையில். பிறகு விளையாட்டில் அவரும் ஒரு ஆள். கடைசியில் பெற்றவர் மெல்ல விலகிக்கொள்வார். ஒரு கட்டத்தில் பிள்ளையின் குரல் அடங்கினால் ஒரு படி பின்னால் போக வேண்டும். செலவு இல்லை, கருவி வேண்டாம். வேண்டியது மூன்று: ஒரு அறை, பொறுமையுள்ள ஒரு ஆசிரியர், உள்ளே அனுமதிக்கப்பட்ட ஒரு பெற்றோர்.

என் மகளின் வகுப்பாசிரியர் இதைக் கேட்டுக்கொண்டார். நான் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, மறுநாள் அவரே கேள்விகளோடு வந்தார். காலை மணி அடிப்பதற்கு முன் வகுப்பறை காலியாக இருக்கும், அப்போது வாருங்கள் என்றார். வந்தேன். முதலில் என் காதுக்குள்தான் பேசினாள், அதுவும் கதவைப் பார்த்துக்கொண்டே. பிறகு சாதாரணக் குரலில் எனக்கு வாசித்துக்காட்டினாள். ஆசிரியர் வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். வாரங்கள் போகப் போக அவர் வாசலுக்கு வந்தார், கடைசி பெஞ்சுக்கு வந்தார். ஒருநாள் வாசிப்பில் ஒரு சொல் எனக்கு வேண்டுமென்றே மறந்துபோனது, “மிஸ், உங்களுக்குத் தெரியுமா?” என்று நான் அவரைக் கேட்டேன். அவரும் தெரியாத மாதிரி யோசித்தார். என் மகள், என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னாள். கிசுகிசுப்பாகத்தான். பள்ளி என்ற இடத்தில் ஒரு ஆசிரியரிடம் அவள் பேசிய முதல் சொல் அது.

சில நாளில் சுற்றறிக்கை வந்தது. காவலாளி என்னைக் கேட்டில் நிறுத்தினார். அவர் மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்தார். வகுப்பாசிரியர் அலுவலகத்தில் பேசிப் பார்த்ததாகவும், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டதாகவும் தெரிகிறது. இப்போது என் மகள் மறுபடியும் தலையாட்டலில் பதில் சொல்கிறாள்.

இந்தச் சுற்றறிக்கை ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். பெற்றோர் ஒருவர் பாட வேளையில் வகுப்புக்குள் புகுந்து, பிள்ளைகள் முன்னாலேயே ஓர் ஆசிரியையைக் கத்தியிருக்கிறார். அது அநியாயம். அவர்மேல் நடவடிக்கை எடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எடுத்திருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். அரை மதிப்பெண்ணுக்காக இரவு பதினொரு மணிக்கு ஆசிரியரை அழைப்பவர்களை எனக்குத் தெரியும். ஆசிரியரை விற்பனையாளர் போலவும் தன்னை வாடிக்கையாளர் போலவும் நினைத்துக்கொள்பவர்களையும் தெரியும். சில ஆண்டுகள் ஒரே ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் பெற்றோரின் கோபத்தையும் தாங்குவது எவ்வளவு கொடுமை என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

ஆனால் ஒருவர் கத்தினார் என்பதற்காக எல்லோரையும் வெளியே நிறுத்துவது ஆசிரியரைக் காப்பாற்றுமா? கோபக்காரர் செயலியிலும் கத்துவார். கேட் சாத்தப்பட்டதால் நின்றுபோனது எங்களைப் போன்றவர்களின் வருகைதான். ஆசிரியருக்குப் பாதுகாப்பு என்பது தலைமை அவர் பக்கம் நிற்பது. “இனி இந்தப் பெற்றோர் என் முன்னால்தான் ஆசிரியரிடம் பேசலாம்” என்று நீங்கள் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இன்னொன்றும் கேட்கிறேன்: இந்த விதியைப் போடும் முன் ஆசிரியர்களைக் கேட்டீர்களா? பெற்றோரோடு பேசவே கூடாது என்று அவர்களே விரும்பினார்களா? எனக்குத் தெரிந்த வகுப்பாசிரியர் விரும்பவில்லை.

வீட்டுக் கல்வியைப் பற்றி நிர்வாகக் குழுவில் ஒருவர், சட்டத்துக்குப் புறம்பான காரியம் செய்துவிட்டு இங்கே வந்து சட்டம் பேசுகிறார் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இதில் நாட்டுக்கு நாடு விதி வேறு என்பது உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளைக்கு ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. அது பள்ளி வழியாக இருக்கலாம், வேறு வழியிலும் இருக்கலாம். பின்லாந்தில் கட்டாயம் என்பது கல்விக்குத்தான், பள்ளிக்கு இல்லை; வீட்டில் படிக்கும் பிள்ளையின் முன்னேற்றத்தை உள்ளாட்சி கண்காணிக்கும். ஜெர்மனி பொதுவாக அனுமதிப்பதில்லை. அதை எதிர்த்துப் போன ஒரு குடும்பத்தின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006ல் ஏற்க மறுத்தது. பிள்ளைகள் சமூகத்தோடு கலந்து வளர்வதில் அரசுக்கு அக்கறை இருப்பது நியாயம்தான் என்றது. 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆம் பிரிவோ, பிள்ளைக்கு எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கு என்கிறது. எல்லாப் பக்கமும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்குள் அடைத்துவைக்கப்பட்டுத் துன்பப்படும் பிள்ளைகள் உண்டு, யாராவது போய்ப் பார்க்கத்தான் வேண்டும். என் மகள் படித்ததைச் சோதிக்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. கோப்போடு வந்தவன் நான். சோதிக்காமல் தீர்ப்பு எழுதியதுதான் என் புகார்.

பெற்றோர் சந்திப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் மதிப்பெண் அட்டையைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, “இன்னும் கொஞ்சம் ஆக்டிவா இருக்கணும்” என்று சொல்லி அனுப்பினீர்கள். செலக்டிவ் மியூட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த வாக்கியம்! அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கேள்விகூட எங்களிடம் கேட்கப்படவில்லை. அவள் எப்போது பதறுவாள், யாரோடு சிரிப்பாள், பேசாமல் எப்படிப் பதில் சொல்லுவாள், எதைக் கண்டால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழமாட்டாள் என்று பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பில் பிள்ளைகள் நடுவே அவள் எப்படி இருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாது; அது உங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். செயலியில் அதற்குப் பெட்டி இல்லை. விடுப்பு, கட்டணம், பேருந்து, புகார் என்று நான்கு பெட்டிகள் இருக்கின்றன. என் செய்தி புகாரில் போய் விழுந்தது.

இனி என் கோரிக்கைகள்.

முதலில் என் மகளுக்காக. நான் கொடுத்த கோப்பையும் ஒலிப்பதிவுகளையும் நீங்கள் நம்பும் இரண்டு ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் எழுத்துத் தேர்வு வையுங்கள், எவ்வளவு கடினமாக இருந்தாலும் சரி. தேறினால் அடுத்த பருவத்திலிருந்து அவள் வயதுப் பிள்ளைகளோடு உட்காரவையுங்கள். பதிவேட்டில் அந்த ஆண்டுகளை வீட்டில் கல்வி என்று திருத்தி, மதிப்பீட்டின் முடிவை அதோடு இணையுங்கள். தேறாவிட்டால் எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் என்று எங்களுக்கு எழுதித் தாருங்கள். உட்கார்ந்து படிக்கவைப்பது எங்கள் பொறுப்பு.

காலை மணிக்கு முந்தைய நேரத்தில் நானோ என் மனைவியோ வகுப்பறைக்கு வர மீண்டும் அனுமதி வேண்டும். எங்களுக்கு மட்டும் சலுகையாக வேண்டாம். மருத்துவரோ உளவியல் நிபுணரோ பரிந்துரைத்தால், அல்லது வகுப்பாசிரியரே கேட்டால், எந்தப் பெற்றோரும் வரலாம் என்று விதியைத் திருத்துங்கள். கேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம், அடையாள அட்டை மாட்டிக்கொள்கிறோம், கதவு திறந்திருக்கும் அறையில் மட்டும் இருக்கிறோம்.

வருகைப் பதிவுக்கு அவள் கையை உயர்த்தினால் போதும் என்றும், கழிப்பறைக்குப் போக ஓர் அட்டையைக் காட்டினால் போதும் என்றும் அவளுக்குப் பாடம் எடுக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். இந்த இரண்டாவதை நாளைக்கே செய்யுங்கள், இதற்குக் குழு கூடத் தேவையில்லை. வாய்மொழி மதிப்பெண்ணுக்கு வீட்டில் பதிவு செய்த குரலை ஏற்றுக்கொள்ளுங்கள். யாரும் அவளைப் பேசச் சொல்லிப் பரிசு காட்டவோ தண்டிக்கவோ கூடாது.

எல்லாப் பெற்றோருக்காகவும் கேட்பது: வாரத்தில் ஒரு மணி நேரம், ஆசிரியர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் நேரத்தில், முன்பதிவு செய்து வகுப்பாசிரியரைப் பார்க்க வழி செய்யுங்கள். அந்த நேரத்தை அவர்களின் வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள், கூடுதல் சுமையாக ஏற்றாதீர்கள். இரவில் அழைக்கக்கூடாது, தனிப்பட்ட எண்ணுக்குச் செய்தி அனுப்பக்கூடாது என்ற விதிகள் அப்படியே இருக்கட்டும்; அவை சரியானவை. கத்துகிற பெற்றோருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள், தலைமையாசிரியர் முன்னிலையில் மட்டுமே பேச விடுங்கள். வேறு வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளைச் சேர்க்கும்போது என்னென்ன பார்ப்பீர்கள், வகுப்பை எப்படி முடிவு செய்வீர்கள் என்பதை எழுதி வெளியிடுங்கள். பெற்றோரைப் பற்றிய அடுத்த சுற்றறிக்கைக்கு முன்பு பெற்றோரையும் ஆசிரியர்களையும் ஒரே அறையில் வைத்துக் கேளுங்கள்.

என்னைக் காலையில் உள்ளே அனுமதித்ததற்காகவோ, எங்களுக்காக அலுவலகத்தில் பேசியதற்காகவோ வகுப்பாசிரியரிடம் விளக்கம் கேட்காதீர்கள். அவர் விதியை மீறவில்லை. அவர் அனுமதித்தபோது அந்த விதியே இல்லை. அவர் செய்தது என்னவென்று மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள். இந்தப் பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை என் மகள் ஒருத்தி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவை ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது, ஏன் முடியாது என்று இந்தப் பருவம் முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள். செயலியில் வேண்டாம், உங்கள் கையெழுத்தோடு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா